உலோகம் தேடும் பொழுதுபோக்கு



ஆற்று மணலில் விளையாடும்பொழுது காசு ஒன்றைத் தவறவிட்டுவிட்டு, பொழுது சாயும்வரை மணலை அளைந்து அளைந்து தேடிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கண்ணெதிரே விழுந்த காசு, கண் இமைக்கும் நேரத்தில் மணலுக்குள் மறைந்துவிடுகிறது. நாம் தேடத் தேட அது இன்னும் ஆழத்தில் போய்ப் புதைகிறது. 'மண்ணுக்குள் இருப்பதைக் காட்டும் கண் ஒன்று நமக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!' என்று அப்பொழுது நினைத்திருப்பீர்கள்.

மண்ணுக்குள் பார்க்கும் கண்ணை மனிதன் இன்னும் ஆக்கவில்லை. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தின் ஓசையைக் கேட்கும் காது ஒன்றை ஆக்கியிருக்கிறான். அதனை உலோகங்காட்டி என்று சொல்லலாம். விமான நிலையங்களிலும் பெரிய கோவில்களின் வாயில்களிலும் காவலர்கள் கையில் அதன் சிறு வடிவத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே கருவியை ஒரு கோலின் நுனியில் பூட்டிக்கொண்டு, ஓய்வு நாள்களில் வயல்வெளிகளில் நடந்து, மண்ணில் மறைந்த பழம்பொருள்களைத் தேடுவதை ஒரு பொழுதுபோக்காகவே ஆயிரக்கணக்கானவர் கொண்டிருக்கும் நாடு இங்கிலாந்து. சில ஆண்டுகளுக்கு முன் நான் அந்நாட்டின் கிழக்குப் பகுதியில், சஃபோக் வட்டாரத்தில், பணியின் பொருட்டுத் தங்கியிருந்தேன். அங்கே நான் கற்ற இந்தப் பொழுதுபோக்கைப் பற்றியும், அது எனக்கு உணர்த்திய ஒரு பழைய பிழையைப் பற்றியுமே இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் கருவியின் கதையைச் சொல்கிறேன்.

1881-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2-ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டை ஒருவன் துப்பாக்கியால் சுட்டுவிட்டான். குண்டு உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அது எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களால் கண்டுபிடிக்க இயலவில்லை. எக்ஸ் கதிர் அறியப்படாத காலம் அது. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் உதவிக்கு முன்வந்தார். கம்பிச் சுருள்களைக் கொண்டு ஒரு கருவி அமைத்தார். உலோகம் அருகில் வந்தால், தொலைபேசியின் காதுக் குழலில் ஓசை கேட்கும். ஆய்வுக்கூடத்தில் அக்கருவி நன்றாக வேலை செய்தது. நோயாளியின் படுக்கையருகே கொண்டுபோனபொழுதோ, எங்கே வைத்தாலும் மெல்லிய ஓசை எழுந்துகொண்டே இருந்தது. அந்த மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தமை பின்னரே தெரிந்தது. அன்றியும், தலைமை மருத்துவர் உடலின் வலப்புறத்தை மட்டுமே சோதிக்க இசைந்தார்; குண்டு இருந்ததோ இடப்புறத்தில். செப்டம்பர் 19-ஆம் நாள் கார்ஃபீல்டு உயிர் நீத்தார்.

இந்த நிகழ்ச்சியை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருவி பொய் சொல்லவில்லை. உலோகம் இருக்கிறது என்று அது சொன்னது, உலோகமும் இருந்தது. ஆனால் அதன் சொல்லுக்குப் பொருள் காண வேண்டிய மனிதர்கள், சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. எங்கே தேட வேண்டும் என்பதையும் அவர்கள் முன்னரே முடிவு செய்துவிட்டார்கள். உலோகம் தேடப் புறப்படும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.

பின்னர் ஐம்பது ஆண்டுகள் கழித்து, இந்தக் கருவிக்கு மறுபிறவி கொடுத்தவர் ஒரு வானொலிப் பொறியாளர். கெர்ஹார்ட் ஃபிஷர் என்ற அந்த ஜெர்மானியர், அமெரிக்காவில் குடியேறி, விமானங்களுக்குத் திசை காட்டும் வானொலிக் கருவிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். உலோகக் கனிமம் உள்ள இடங்களின் அருகே அக்கருவிகள் தடுமாறுவதைக் கண்டார். பிறராயின் அதனைக் கருவியின் குறை என்று எண்ணி விட்டிருப்பர். அவரோ, அந்தத் தடுமாற்றத்தையே பயன்படுத்திக்கொள்ளலாமே என்று எண்ணினார். 1937-ஆம் ஆண்டில் அவருக்கு உலோகங்காட்டிக்கான காப்புரிமை கிடைத்தது.

அதன்பின் வந்தது இரண்டாம் உலகப் போர். போலந்து நாட்டுப் பொறியாளர் யோசெஃப் கொசாட்ஸ்கி என்பவர், நாட்டை விட்டு வந்து ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த காலத்தில், நிலத்தில் புதைத்த கண்ணிவெடிகளைக் கண்டறியும் கருவியை அமைத்தார். 1942-இல் எல் அலமெய்ன் பாலைவனப் போரில் அக்கருவி எத்தனையோ வீரர்களின் உயிரைக் காத்தது. போர் முடிந்தபின் எஞ்சிய கருவிகள் சந்தைக்கு வந்தன. அவற்றை விலைக்கு வாங்கியவர்கள் தோளில் சுமந்துகொண்டு வயல்களுக்கும் கடற்கரைகளுக்கும் போனார்கள். இவ்வாறு, உயிரைக் காக்கப் பிறந்த கருவி பொழுதுபோக்குக்கும் உதவத் தொடங்கியது.

இனி, அது எவ்வாறு வேலை செய்கிறது? கோலின் நுனியில் ஒரு தட்டுப் போன்ற பகுதி இருக்கிறது. அதனுள்ளே கம்பிச் சுருள் சுற்றியிருக்கிறது. அதில் ஒரு நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் சுருளைச் சுற்றிலும், அதன் கீழுள்ள மண்ணிலும், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் உண்டாகிறது. மண்ணில் ஓர் உலோகத் துண்டு இருந்தால், அந்தக் காந்தப் புலம் அதனுள்ளே சிறு சிறு சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அந்தச் சுழல் மின்னோட்டமோ தனக்கென்று ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அதனை மற்றொரு சுருள் உணர்ந்து ஓசையாக மாற்றித் தருகிறது. நாம் மண்ணை நோக்கி அழைக்கிறோம், உலோகம் 'ஏன்?' என்று விடை கூறுகிறது, அவ்வளவுதான்.

அந்த விடையிலும் வேறுபாடு உண்டு. வெள்ளியும் செம்பும் மின்சாரத்தை எளிதில் கடத்துபவை. இரும்போ காந்தத்தால் ஈர்க்கப்படுவது. ஆகவே ஒவ்வொன்றும் சிறிது வெவ்வேறான கால இடைவெளியில் விடை தருகிறது. நல்ல கருவி அந்த இடைவெளியை அளந்து, வெள்ளிக்கு உயர்ந்த ஓசையும் இரும்புக்குத் தாழ்ந்த கரகரப்பும் தருகிறது. இதனைக் கேட்டவுடன், 'அப்படியானால் குப்பையை ஒதுக்கிவிட்டுப் பொன்னை மட்டும் தேடலாமே!' என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது. மெல்லிய பொன் மோதிரமும், மிட்டாய் சுற்றிய அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓசை தரும். குப்பையே வேண்டாம் என்று கருவியைத் திருகி வைப்பவன் பொன்னையும் இழந்துவிடுவான்!

ஒரு சிறிய நாணயத்தை இக்கருவி ஏறக்குறைய ஒரு சாண் ஆழம்வரை காட்டும். பெரிய பொருளாயின் இன்னும் சற்று ஆழத்திலும் காட்டக்கூடும். மலையடியில் புதைந்த பொற்குடத்தைப் பல அடி ஆழத்தில் காட்டும் என்பதெல்லாம் கதையில் நடப்பது.

சஃபோக்கில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி முதியவர் ஒருவர் இருந்தார். அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் கையில் கோலும், காதில் கேட்பொறியும், இடுப்பில் ஒரு பையுமாக அவர் புறப்படுவதைப் பார்ப்பேன். ஒரு நாள் துணிந்து, 'நானும் வரலாமா?' என்று கேட்டேன். அவர் உடனே விடை சொல்லவில்லை. 'முதலில் என் தோட்டத்துக்கு வாருங்கள்' என்றார்.

தோட்டத்தில் அவர் எனக்குப் பள்ளிக்கூடம் ஒன்றே வைத்திருந்தார். ஓரிடத்தில் ஆணி, ஓரிடத்தில் செப்புக் காசு, ஓரிடத்தில் வெள்ளிக் காசு, ஓரிடத்தில் பானக் குவளையின் இழுவளையம் என்று நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்து, மேலே குச்சி நட்டிருந்தார். சுருளை மண்ணுக்கு மிக அருகில், மட்டம் மாறாமல், மெல்ல இடமும் வலமும் வீச வேண்டும். ஒருமுறை வீசிய இடத்தின் மேல் அடுத்த வீச்சுச் சிறிது படிய வேண்டும். அவசரப்பட்டு அரிவாள் வீசுவது போல் வீசினால், வீச்சின் முடிவில் தட்டு மேலே எழும்பிவிடும். அங்கே உள்ள பொருள் தப்பிவிடும். இதற்கே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஓசைகளைக் கேட்டுப் பழக மேலும் சில வாரங்கள் ஆயின. வீணை கற்பவர் முதலில் சுருதியைக் காதில் ஏற்றிக்கொள்வது போல, இதிலும் கைக்கு முன்னே காதுதான் பயிற்சி பெற வேண்டும்.

பிறகு தோண்டும் பாடம். புல்தரையாயின், மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல் போல் விட்டு, புற்கரணையைப் புத்தகத்தின் அட்டை திறப்பது போலத் திறக்க வேண்டும். எடுத்த மண்ணை ஒரு துணியின்மேல் போட வேண்டும். பொருளை எடுத்தபின் மண்ணை மீண்டும் இட்டு, புல்லை மூடி, காலால் அமுக்கிவிட வேண்டும். மறுநாள் நில உடைமையாளர் வந்து பார்த்தால், யாரும் வந்து போன சுவடே தெரியக்கூடாது. குழியை மூடாமல் போனால் மாட்டின் கால் அதில் அகப்பட்டு ஒடியும். 'குழி மூடத் தெரியாதவன் தோண்டத் தெரிந்தவன் அல்லன்' என்பது அம்முதியவரின் கொள்கை.

இவ்வளவும் கற்பித்த பின்னரும் அவர் என்னை வயலுக்கு அழைத்துப் போகவில்லை. ஒரு வேளாளரிடம் அழைத்துப் போனார். அந்நாட்டில் யாருடைய நிலமாயினும், உடைமையாளரின் இசைவு பெறாமல் அதில் கருவியோடு கால் வைக்கக்கூடாது. இசைவை எழுத்தில் வாங்குவது நல்லது. கிடைக்கும் பொருளில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் தேடுமுன்னரே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். கிடைத்த பிறகு பேசினால் நட்பு முறிந்துவிடும். அரசு காக்கும் பழஞ்சின்னங்கள் உள்ள இடங்களில் தனி அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே எந்த இடம் காப்பிடம் என்பதைப் பதிவேட்டில் பார்த்துக்கொண்ட பின்னரே புறப்பட வேண்டும்.

அறுவடை முடிந்து, அடுத்த விதைப்புக்கு முன் இருந்த ஒரு வாரம் அது. என் முதல் நாள் வேட்டையின் பட்டியலைக் கேளுங்கள்: துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடிப்பகுதிகள் எட்டு, இழுவளையங்கள் ஐந்து, உழுபொறியின் உடைந்த துண்டு ஒன்று, பொத்தான்கள் இரண்டு, ஈயக் குண்டு ஒன்று. நான் சோர்ந்து போனேன். முதியவரோ அந்தப் பொத்தான்களை வாங்கிப் பார்த்து, சட்டைப் பையில் இருந்த சிறு ஏட்டில் ஏதோ எழுதினார். குப்பையையும் நாங்கள் வயலில் விட்டுவிடவில்லை. பையில் இட்டு எடுத்து வந்தோம்.

நான்காவது ஞாயிறு. மாலை நேரம். காதில் தெளிவான உயர்ந்த ஓசை ஒன்று கேட்டது. எந்தப் பக்கமிருந்து வீசினாலும் மாறாத ஓசை. மண்ணைத் திறந்தேன். நகக்கண் அளவுக்குச் சற்றுப் பெரிதாய், தாள் போல் மெல்லிய வெள்ளி வட்டம் ஒன்று களிமண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தில் முடி சூடிய முகம்; மறு பக்கத்தில் சிலுவை. என் நெஞ்சு படபடத்தது. என்னை அறியாமலே கட்டை விரல் அந்தக் காசைத் தேய்க்கத் தொடங்கிவிட்டது.

முதியவர் விரைந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

'தேய்க்காதீர்கள். மண்ணிலுள்ள மணல் துகள் அரத்தைப் போன்றது. எழுநூறு ஆண்டுகளாக நிலம் காப்பாற்றியதை உங்கள் விரல் ஒரு நொடியில் அழித்துவிடும்' என்றார்.

நான் பேச்சற்று நின்றேன். வேறோர் ஊரில், வேறோர் ஆற்றங்கரையில், இதே விரல் செய்த வேலை அப்பொழுது என் நினைவுக்கு வந்தது.

நண்பர்களே! நான் பிறந்து வளர்ந்த ஊர் கருவூர். அமராவதி ஆறு எங்களுக்கு விளையாட்டுத் திடல். அந்த ஆற்று மணலில் பழங்காசுகள் அகப்படுவது உண்டு. ரோமானியர் காசும் அங்கே கிடைத்திருக்கிறது. சேரர் காசும் கிடைத்திருக்கிறது. 'மாக்கோதை' என்றும் 'குட்டுவன் கோதை' என்றும் பெயர் பொறித்த வெள்ளிக் காசுகள் அங்கிருந்து வந்து, பிற்காலத்து அறிஞர்களால் படிக்கப்பட்டு, சேர மன்னர் வரலாற்றுக்கே சான்றாய் நிற்கின்றன. சிறுவர்களாகிய எங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? எனக்குப் பதினொரு வயது இருக்கும். மழை வெள்ளம் வடிந்த ஒரு காலைப்பொழுதில், சதுரமான சிறு செப்புக் காசு ஒன்று என் கையில் அகப்பட்டது. பச்சைக் களிம்பு மூடியிருந்தது. ஒரு பக்கத்தில் யானை போன்ற ஓர் உருவம். அதன் மேலே சில கோடுகள்.

வீட்டுக்கு ஓடிவந்தேன். அம்மா செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குவதை நாள்தோறும் பார்ப்பவன் நான். புளியும் செங்கற்பொடியும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் தேய்த்தேன். காசு பளபளவென்று பொன்னைப் போல் மின்னியது. பெருமையோடு பள்ளிக்கு எடுத்துப் போய் வரலாற்று ஆசிரியரிடம் காட்டினேன். அவர் அதனை வெயிலில் பிடித்து, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, 'இதன்மேல் ஏதாவது இருந்ததா, தம்பி?' என்று கேட்டார். 'ஆனை இருந்தது, ஐயா. மேலே கோடு கோடாய் இருந்தது' என்றேன். 'அந்தக் கோடு எப்படி இருந்தது? எழுதிக் காட்டு' என்றார். எனக்கு நினைவில்லை. அவர் என்னை அடிக்கவில்லை. ஒரு சொல் கடிந்து பேசவும் இல்லை. 'அது எழுத்தாய் இருந்திருக்கலாம்' என்று மட்டும் சொல்லி, காசை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எழுத்தாய் இருந்திருக்கலாம், வெறுங்கோடாயும் இருந்திருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியாது. ஒரு மன்னன் பெயரை நான் புளியால் துடைத்தேனோ, என்னவோ! அந்தக் கேள்விக்கு விடை அறிய வழியே இல்லை என்பதுதான் நான் செய்த பிழையின் அளவு. சஃபோக் வயலில் முதியவர் என் கையைப் பிடித்தபொழுது, முப்பது ஆண்டுக்கு முன் கிணற்றடியில் யாராவது ஒருவர் இப்படிப் பிடித்திருக்கக்கூடாதா என்று எண்ணினேன்.

அந்த வெள்ளிக் காசை நாங்கள் கழுவவும் இல்லை, துடைக்கவும் இல்லை. சிறு பையில் இட்டு, நிலப்படத்தில் இடத்தைக் குறித்து, நாளும் ஆழமும் எழுதினோம். மறுவாரம் அதனை அந்த வட்டாரத்துக்கென்று அமர்த்தப்பட்ட பதிவு அலுவலரிடம் கொண்டுபோனோம். 1997-இல் தொடங்கிய திட்டம் ஒன்று அந்நாட்டில் இருக்கிறது. பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களை இன்னது, இன்ன இடத்தில் கிடைத்தது என்று பதிந்து, யாரும் பார்க்கும்படி வைப்பது அதன் பணி. இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் ஏறியிருக்கின்றன. என் காசு முதலாம் எட்வர்டு மன்னன் 1279-இல் தொடங்கிய புதிய நாணய வரிசையைச் சேர்ந்தது என்று அலுவலர் சொன்னார். எங்கும் கிடைக்கும் எளிய காசு, விலை பெரிதன்று. அவர் படம் எடுத்து, எடை போட்டு, பதிந்துகொண்டு, காசை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். தனிக்காசு ஒன்று அந்நாட்டுச் சட்டப்படி பொதுவாகப் புதையல் ஆகாது. ஆனால் அந்த வயலில் எழுநூறு ஆண்டுக்கு முன் மனிதர் நடமாடினர் என்பதற்கு அது ஒரு புள்ளி. பலர் வைக்கும் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு பழைய பாதை தெரியும். ஒரு மறைந்த சந்தை தெரியும்.

புதையல் என்று சட்டம் சொல்வது எது? 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வரையறுக்கிறது. முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொன், வெள்ளிப் பொருள்கள், ஒரே இடத்தில் சேர்ந்து கிடைக்கும் பழங்காசுகள் முதலியன புதையலாகும். அவற்றைக் கண்டவர் பதினான்கு நாளுக்குள் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் அதனைக் கொள்ள விரும்பினால் விலை மதிப்பிட்டு, அத்தொகை வழக்கமாகக் கண்டவருக்கும் நில உடைமையாளருக்கும் பகிர்ந்து அளிக்கப்படும்.

இச்சட்டம் வருவதற்கு முன்னரே, சட்டத்தைக் காட்டிலும் உயர்ந்த முறையில் நடந்துகொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தங்கியிருந்த அதே சஃபோக் வட்டாரத்தில் ஹாக்ஸன் என்று ஒரு சிற்றூர். 1992-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், அவ்வூர் வேளாளர் ஒருவர் வயலில் தம் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். தோட்ட வேலை பார்த்து ஓய்வு பெற்ற தம் நண்பர் எரிக் லாஸ் என்பவரை அழைத்து, கருவியால் தேடித் தரச் சொன்னார். லாஸ் சுத்தியலைத் தேடப் போனார். ஓசை கேட்டது. தோண்டினார். வந்தவை வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும்!

அந்த இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம்? இருட்டுவதற்குள் முழுவதையும் வாரிக்கொண்டு வீடு சேர்ந்திருப்போம். லாஸ் அவ்வாறு செய்யவில்லை. தோண்டுவதை நிறுத்தினார். அதிகாரிகளுக்குச் செய்தி சொன்னார். மறுநாளே தொல்பொருள் ஆய்வாளர்கள் வந்து முறைப்படி அகழ்ந்தார்கள். ரோமானியர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் புதைக்கப்பட்ட அச்செல்வத்தில் 14,865 காசுகள் இருந்தன. அவற்றுள் 569 பொன், 14,272 வெள்ளி, எஞ்சியவை வெண்கலம். அவையன்றிப் பொன் நகைகளும் வெள்ளிக் கலங்களும் ஏறக்குறைய இருநூறு. அதன் மதிப்பு 17,50,000 பவுன் என்று முடிவாயிற்று. லாஸ் தமக்குக் கிடைத்த பரிசை வேளாளரோடு பகிர்ந்துகொண்டார். தேடப்போன சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

ஆனால் அவர் நிறுத்தியதனால் கிடைத்த பேறு பணம் மட்டும் அன்று. மண்ணோடு மண்ணாய் மக்கிப்போன பெட்டியின் வடிவம் கலையாமல் இருந்தது. அது கருவாலி மரப்பெட்டி என்றும், அதனுள்ளே சிறு பேழைகள் இருந்தன என்றும், அவற்றுக்கு நகம் அளவு வெள்ளிப் பூட்டுகள் பூட்டியிருந்தன என்றும், கலங்கள் உரசாதபடி வைக்கோல் அடுக்கியிருந்தது என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஏதோ ஒரு கலவரக் காலத்தில், ஒரு குடும்பம் தன் உடைமையைப் பதற்றமின்றி, ஒழுங்காக, மீண்டும் வந்து எடுக்கும் நம்பிக்கையோடு கட்டிவைத்த காட்சி கண்முன் வந்தது. லாஸ் மண்வெட்டியை இன்னும் பத்து முறை வீசியிருந்தால், காசுகள் எல்லாம் கிடைத்திருக்கும். அந்தக் குடும்பம் நமக்குக் கிடைத்திராது.

அப்புதையலில் தமிழராகிய நாம் வியந்து நோக்க வேண்டிய பொருள் ஒன்றும் உண்டு. வெள்ளியால் ஆகிய மிளகுச் சிமிழ்கள் நான்கு அதில் இருந்தன. ஒன்று, நகை அணிந்த பெண்ணின் மார்பளவுச் சிலை போன்றது; பொன்முலாம் பூசியது. அடியில் உள்ள வட்டைத் திருகினால் ஒரு நிலையில் மூடிக்கொள்ளும். ஒரு நிலையில் மிளகுப் பொடியை உள்ளே இடலாம். ஒரு நிலையில் தூவலாம். பிரிட்டன் தீவில் விளையாத மிளகுக்கு இத்தனை அலங்காரம்! அந்த மிளகின் தாயகம் நம் மேற்கு மலைச்சாரல். பழைய சேர நாடு. முசிறித் துறையில் யவனர் மிளகு வாங்கிய செய்தியைச் சங்கப் புலவர் பாடினர். கருவூர் ஆற்றில் கிடைக்கும் ரோமானியக் காசு அவ்வாணிகத்தின் ஒரு முனை என்றால், சஃபோக் வயலில் கிடைத்த மிளகுச் சிமிழ் மற்றொரு முனை. அருங்காட்சியகத்தில் அச்சிமிழின்முன் நின்றபொழுது, நெடுந்தொலைவில் உறவினர் வீட்டுப் பொருளைக் கண்டது போன்ற உணர்ச்சி எனக்கு ஏற்பட்டது.

நிறுத்தத் தெரிந்தவரின் கதை இது. நிறுத்தத் தெரியாதவர் கதையையும் சொல்கிறேன். 2015-ஆம் ஆண்டில் ஹெர்ஃபோர்டு வட்டாரத்தில் இருவர், உரிய இசைவு இல்லாமல், வைக்கிங் காலத்துப் புதையல் ஒன்றைக் கண்டெடுத்தனர். அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமல் மறைத்து விற்கத் தொடங்கினர். ஏறக்குறைய முந்நூறு காசுகள் இருந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. காவல் துறையார் வழக்குத் தொடர்ந்தபொழுது மீட்க முடிந்தவை முப்பத்தொன்றே. 2019-இல் இருவரும் சிறை சென்றனர். மீண்ட சில காசுகளில் இரண்டு அரசர்கள் அருகருகே அமர்ந்திருக்கும் உருவம் உண்டு. வெஸ்ஸெக்ஸ் மன்னன் ஆல்ஃபிரடும், மெர்சியா மன்னன் இரண்டாம் கியோல்வுல்ஃபும் நட்பாய் இருந்தனர் என்பதற்கு அது சான்று. பின்னர் எழுதிய வரலாற்றுக் குறிப்போ கியோல்வுல்ஃபை அறிவிலி என்று இகழ்ந்து ஒதுக்கியது. ஏடு மறைத்ததைக் காசு சொல்கிறது! எஞ்சிய காசுகள் இன்னும் என்னென்ன சொல்லியிருக்குமோ, யார் அறிவார்? நான் புளியால் அழித்ததும், அவர்கள் பேராசையால் அழித்ததும் முடிவில் ஒன்றே. அறியாமை என் பக்கம் இருந்தது என்று சொல்லி நான் ஆறுதல் அடையலாம். காசுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள்: 'நாங்களும் ஒரு கருவி வாங்கி நம் ஊர் மேடுகளில் தேடலாமா?' என்று. தெளிவாகச் சொல்கிறேன்: பழம்பொருள் தேடித் தோண்டுவது நம் நாட்டில் பொழுதுபோக்கு ஆகாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நம்மை ஆள்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், கண்டவர் மாவட்ட ஆட்சித் தலைவருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். 1958-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கப்பட்ட இடங்களில் தோண்டுவதைத் தடுக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தொல்பொருள்களின் விற்பனையையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் கட்டுப்படுத்துகிறது. நம் நாட்டு மண்ணில், இரும்புக் காலத்துப் புதைகுழியும் சங்க காலத்து ஊரும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கின்றன. அவற்றை ஓசை கேட்ட இடத்தில் எல்லாம் தோண்டுவது, படிக்காத புத்தகத்தின் தாள்களைப் பிய்த்து எடுப்பது போன்றது.

ஆயினும் நீங்கள் செய்யக்கூடியவை பல உண்டு. கருவியின் தத்துவத்தைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கம்பிச் சுருள் கொண்டு நீங்களே அமைத்துப் பார்க்கலாம். உங்கள் வீட்டுத் தோட்டத்தில் தொலைந்த சாவியை அதனால் தேடலாம். ஆற்றங்கரையில், ஏரி தூர் வாரும் இடத்தில், உழுத புலத்தில் நடக்கும்பொழுது கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம். கறுப்பு சிவப்புப் பானை ஓடு, கீறல் உள்ள ஓடு, சுடுமண் மணி, காசு ஆகியவற்றில் எது கண்ணில் பட்டாலும், இருந்த இடத்திலேயே படம் எடுத்து, இடத்தையும் நாளையும் எழுதி, உங்கள் ஆசிரியர் வாயிலாகத் தொல்லியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவிக்கலாம்.

இது சிறு வேலை என்று எண்ணாதீர்கள். இன்று உலகம் பேசும் கீழடியை நினைத்துப் பாருங்கள். அங்கே பேரளவில் அகழாய்வு தொடங்கியது 2014-ஆம் ஆண்டையொட்டித்தான். ஆனால் 1970களிலேயே அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர், மாணவர்களின் கைக்கு வந்த பழம்பொருள்களின் அருமையை உணர்ந்து, அவற்றைத் துறையினருக்குத் தெரிவித்தார். அந்த மாணவர்கள் உங்களைப் போன்றவர்கள். அவர்கள் காட்டினார்கள், ஆசிரியர் கவனித்தார். கையில் எந்தக் கருவியும் இல்லை.

என் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது. மேசை இழுப்பில் எட்வர்டு மன்னனின் வெள்ளிக் காசும், கருவூர்ச் செப்புச் சதுரமும் அருகருகே இருக்கின்றன. ஒன்றைப் பற்றி, அது கிடைத்த வயல், ஆழம், ஆண்டு எல்லாவற்றையும் என்னால் சொல்ல முடியும். மற்றொன்று இப்பொழுது மீண்டும் மங்கிவிட்டது. ஆனால் மீண்டும் எழுத்து முளைக்கவில்லை. ஊர் திரும்பியபின் என் வரலாற்று ஆசிரியரைக் கண்டு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். அவர் அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். ஆகவே அதனை உங்களிடம் சொல்கிறேன்.

நாளை ஆற்றங்கரையில் பச்சைக் களிம்பேறிய காசு ஒன்று உங்கள் கையில் அகப்பட்டால், வீட்டில் புளி இருக்கும் பக்கம் போகாதீர்கள். ஆசிரியர் இருக்கும் பக்கம் போங்கள்.